மண்ணிலிருந்து முட்டைக்கு

அம்பாங்கில் பல இடங்களில் மண்வெட்டியைப் போட்டால் கறுப்பு மண் சீக்கிரமே முடிந்து, வெளிறிய மணல் மேலே வரும். அது வெள்ளீயச் சுரங்கங்கள் விட்டுப்போன மணல். 1857-ல் ராஜா அப்துல்லா கிள்ளானிலிருந்து அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் படகில் ஆறேறி வந்து, மீதி வழியைக் காட்டுக்குள் நடந்து கடந்து, இங்கேதான் ஈயம் தேடினார்கள். முதல் மாதத்துக்குள் மலேரியாவுக்குப் பலியானவர்கள் போக மிஞ்சியவர்கள் 18 பேர். கோலாலம்பூர் என்ற நகரம் முளைத்ததே அந்தச் சுரங்கங்களுக்குச் சாமான் இறக்கிய ஆற்றுத் துறையில்தான்.

ஈயம் தீர்ந்த இடங்களில் குட்டைகள் நின்றன. பள்ளங்களைக் கண்டதையும் கொட்டி நிரப்பினார்கள். அவற்றின் மேல் தாமான்கள் எழும்பின, பட்டறைகள் வந்தன, சாலைகள் ஓடின. இன்று உயரழுத்த மின்கம்பிகளின் கீழும், ஓடையோரத்திலும், அடுக்குமாடியின் பின்புறத் துண்டு நிலத்திலும் ஜனங்கள் கங்கோங் கீரையும் மரவள்ளியும் முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்க்கிறார்கள். கம்பத்துக் கோழி வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். கடையில் வாங்கும் கீரைக்கு எந்த மருந்து அடித்தார்களோ என்ற பயமே பலரை இந்தப் பக்கம் தள்ளியது. நியாயமான பயம். ஆனால் சொந்தக் கொல்லையில் மருந்தே அடிக்காமல் வளர்த்தாலும், அந்த மண்ணுக்கு முன்பு என்ன நேர்ந்தது, இன்று அதன்மேல் என்ன எரிகிறது என்ற இரண்டு கேள்விகள் மிஞ்சுகின்றன.

அந்தக் கேள்விகளின் மையத்தில் இருப்பவை நிலைத்த கரிம மாசுகள் எனப்படும் ஒரு வேதிப்பொருள் கூட்டம். டிடிடி, ஆல்ட்ரின், டீல்ட்ரின், லிண்டேன், எண்டோசல்பான் போன்ற பழைய பூச்சிக்கொல்லிகள் இதில் ஒரு பகுதி. மின்மாற்றி எண்ணெயில் கலந்த பிசிபி இன்னொரு பகுதி. யாரும் வேண்டுமென்று தயாரிக்காமல், எரியும் குப்பையில் தானாகப் பிறக்கும் டயாக்சினும் ஃபியூரானும் மூன்றாவது பகுதி. பெரும்பாலானவற்றில் கரிமத்தோடு குளோரின் இறுகப் பிணைந்திருக்கும். அந்தப் பிணைப்பை உடைக்க மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் படாத பாடு படும். நீரில் இவை கரைவதில்லை, கொழுப்பில் நன்றாகக் கரையும். மழை அடித்துக்கொண்டு போகாததால் மண்ணின் மக்கிலும் களியிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். உயிரினத்தின் உடம்புக்குள் புகுந்தால் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். டயாக்சின்களில் மிகக் கொடியதான டிசிடிடி மனித உடம்பில் பாதியாகக் குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும். மேல்மண்ணில் அது பத்தாண்டுக் கணக்கில் கிடக்கும். வெயில் படாத ஆழத்தில் அதைவிட நெடுங்காலம் இருக்கும்.

டயாக்சின் பிறக்கும் இடத்தைப் பார்க்கத் தொழிற்பேட்டைக்குப் போக வேண்டியதில்லை. பின்வேலியோரம் துருவேறிய ஒரு தகர டிரம் போதும். காய்ந்த வாழைச் சருகு, தேங்காய் மட்டை, அதோடு சாப்பாடு கட்டிவந்த பிளாஸ்டிக் பை, உடைந்த பிவிசி குழாயின் துண்டு, பழைய மின்கம்பி. நெருப்பு வைத்ததும் கரும்புகை எழும்பும், மூக்கைத் துளைக்கும் நெடி வரும். பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின்தான். அரைகுறையாக எரிந்த கரித்துகளும் குளோரினும் 200 முதல் 400 டிகிரி சூட்டில் சந்திக்கும்போது டயாக்சின் உருவாகிறது. கம்பியிலிருக்கும் செம்பு அந்த வினையை விரைவுபடுத்துகிறது. முறையான எரியுலையில் புகையை 850 டிகிரிக்கு மேல் நிறுத்திவைத்து, சட்டென்று குளிரவைத்து, வடிகட்டி வெளியே விடுவார்கள். டிரம்மில் இதில் எதுவும் நடக்காது. மறுநாள் சாம்பலை வாழைத் தூரில் கொட்டுவார்கள். கோழிகள் அந்தச் சாம்பலில் புரண்டு இறகு உதறும், கிளறிக் கொத்தும்.

இதே காரியம் ஆயிரம் மடங்கு பெருத்தால் என்ன ஆகும் என்பதை அம்பாங்கிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள ஜெஞ்ஜாரோம் காட்டியது. 2018 தொடக்கத்தில் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவை அடைத்தது. உலகின் குப்பை வேறு துறைமுகம் தேடியது. கிடைத்தவற்றில் முக்கியமானது கிள்ளான் துறைமுகம். அந்த ஆண்டின் முதல் ஏழு மாதங்களில் மட்டும் மலேசியாவுக்குள் சுமார் 7,54,000 டன் பிளாஸ்டிக் கழிவு வந்து இறங்கியது. கோல லங்காட் மாவட்டத்தில் செம்பனைத் தோட்டங்களின் மறைவிலும் ஊரை ஒட்டியும் உரிமமில்லாத ஆலைகள் முளைத்தன. உருக்கி விற்கத் தகுந்ததை எடுத்துக்கொண்டு, தகாததை இரவோடு இரவாக எரித்தார்கள். சுமார் 30,000 பேர் வாழும் ஜெஞ்ஜாரோமில் நள்ளிரவு நெருங்கும்போதெல்லாம் ரப்பர் கருகும் நாற்றம் எழுந்தது. ஊர்மக்கள் சிலர் சங்கமாகத் திரண்டார்கள். ஆலைகளைத் தேடிப்போய்ப் படமெடுத்தார்கள், அதிகாரிகளின் வாசலில் நின்றார்கள். 33 சட்டவிரோத ஆலைகள் மூடப்பட்டன. அவை விட்டுப்போன பிளாஸ்டிக் 17,000 டன். 2019 மே மாதம் அப்போதைய அமைச்சர் இயோ பீ யின் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன்களைத் திறந்து காட்டி, 3,000 டன் கழிவை வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பப்போவதாக அறிவித்தார். 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்கள் திரும்பிப் போயின.

ஜெஞ்ஜாரோம் மக்களின் அந்தப் போராட்டம் இந்த நாட்டில் சாதாரண ஜனங்கள் பெற்ற பெரிய வெற்றிகளில் ஒன்று. ஆனால் கொள்கலனில் ஏற்றித் திருப்பி அனுப்ப முடிந்தது எரியாத பிளாஸ்டிக்கை மட்டுமே. எரிந்தது புகையாகப் பரவி மண்ணில் படிந்துவிட்டது.

படிந்தது எப்படிச் சாப்பாட்டுக்கு வரும்? அண்டை நாட்டில் இதற்குத் தெளிவான பதில் கிடைத்தது. கிழக்கு ஜாவாவில் துரோப்போடோ என்ற கிராமம் தவ்ஹூ செய்வதற்குப் பேர்போனது. வெளிநாட்டுப் பழைய காகிதத்தோடு கலந்து வரும் பிளாஸ்டிக்கைக் காகித ஆலைகள் ஒதுக்கிவிட, தவ்ஹூ பட்டறைகள் அதை விறகுக்குப் பதிலாக அடுப்பில் போட்டன. விறகைவிட மலிவு. 2019-ல் ஐபென் என்ற பன்னாட்டு அமைப்பும் இந்தோனேசியக் குழுக்களும் அங்கே சோதனைக்கு எடுத்தது தவ்ஹூவையல்ல, அக்கம்பக்கத்து வீடுகளில் திரிந்த கோழிகளின் முட்டையை.

அந்தத் தேர்வில்தான் கெட்டிக்காரத்தனம். திறந்தவெளியில் மேயும் கோழி புழுவையும் விதையையும் தேடிக் கொத்தும்போது ஒரு நாளைக்குப் பத்து முதல் முப்பது கிராம் வரை மண்ணை விழுங்கிவிடும். மண்ணிலுள்ள டயாக்சின் அதன் குடல் வழியே கொழுப்புக்குப் போகும். கோழி தன் கொழுப்பை முட்டையின் மஞ்சள் கருவில் கொட்டுகிறது. ஆக முட்டை ஒவ்வொன்றும் அந்தக் கொல்லை மண்ணின் மாதிரி. துரோப்போடோ முட்டையில் இருந்த டயாக்சின் அளவு, ஆசியாவில் அதுவரை முட்டையில் பதிவானவற்றுள் இரண்டாவது உயரம். வளர்ந்த ஒருவர் அப்படி ஒரே ஒரு முட்டை சாப்பிட்டால், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு நாளைக்குத் தாங்கலாம் என்று வகுத்த அளவைப்போல் எழுபது மடங்கு உள்ளே போகும்.

அந்த வரம்பு எவ்வளவு சிறியது என்பதையும் பார்க்க வேண்டும். 2018-ல் அதே உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதை ஏழில் ஒரு பங்காகக் குறைத்து, உடல் எடையில் கிலோவுக்கு வாரத்துக்கு 2 பிக்கோகிராம் என்று நிர்ணயித்தது. ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு பிக்கோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு வாரம் முழுவதற்கும் 120 பிக்கோகிராம்தான் கணக்கு. இவ்வளவு நுண்ணிய அளவுக்கு ஏன் இத்தனை கவலை என்றால், டயாக்சின் ஒரு ஹார்மோனைப்போல வேலை செய்கிறது. உயிரணுவுக்குள் இருக்கும் ஓர் ஏற்பியோடு பொருந்தி, எந்த மரபணு விழிக்க வேண்டும், எது உறங்க வேண்டும் என்ற ஒழுங்கைக் குலைக்கிறது. கருவிலிருக்கும் குழந்தைக்கும் வளரும் பிள்ளைக்கும் பாதிப்பு அதிகம். நோய் எதிர்ப்பு, இனப்பெருக்கம், தைராய்டு எல்லாம் இதில் மாட்டும். டிசிடிடி மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-ல் வகைப்படுத்தியது.

ஆசியாவில் முதலிடத்தில் இருந்த முட்டை வியட்நாமின் பியென் ஹோவாவிலிருந்து வந்தது. அமெரிக்கப் படை ஏஜெண்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியைக் குவித்து வைத்திருந்த விமானத்தளத்தின் ஊர் அது. அந்தக் கதையின் முதல் அத்தியாயம் மலாயாவில் எழுதப்பட்டது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்கிய அவசரகாலத்தில், 1952-ல், பதுங்கித் தாக்குபவர்களுக்கு மறைவில்லாமல் செய்ய பிரிட்டிஷ் நிர்வாகம் சாலையோரச் செடிகொடிகள் மேல் இலையுதிர்க்கும் மருந்தைத் தெளித்தது. ஜூன் முதல் அக்டோபர் வரை 1,250 ஏக்கர். அதிலிருந்த 2,4,5-டி என்ற பொருளைத் தயாரிக்கும்போதே டயாக்சின் உடன் பிறந்துவிடும். ஏஜெண்ட் ஆரஞ்சிலும் அதே பொருள்தான் பாதி. 1961-ல் வியட்நாமில் தெளிக்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க், அதிபர் கென்னடிக்கு முன்னுதாரணமாகக் காட்டியது மலாயாவைத்தான்.

தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களுக்கு மருந்து என்றால் முதுகில் சுமந்த தெளிப்பான்தான் நினைவுக்கு வரும். தெனாகானித்தா என்ற தொழிலாளர் உரிமை அமைப்பும் பூச்சிக்கொல்லி செயல் வலையமைப்பும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு, மருந்தடிக்கும் பெண்களின் மூக்கில் ரத்தம் வழிந்ததையும், நகம் கழன்றதையும், தோல் வெந்ததையும் பதிவு செய்தது. ஐரீன் பெர்னாண்டஸ் நிறுவிய தெனாகானித்தா அந்தப் பெண்களின் குரலை வெளியே கொண்டுவந்தது. அங்கே பெரிய எதிரியாக இருந்தது பாராகுவாட் என்ற களைக்கொல்லி. அது நிலைத்த கரிம மாசு வகையைச் சேர்ந்ததல்ல. அடித்தவரை அன்றே தாக்கும். நிலைத்த மாசுகள் அடித்தவரை அன்று ஒன்றும் செய்யாமல் விடலாம். மண்ணில் தங்கி, அதே நிலத்தில் விளைந்ததைத் தின்னும் அடுத்த தலைமுறையைத் தேடி வரும். கரீபியன் தீவுகளில் இது அப்படியே நடந்தது.

குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்கு 1850களிலிருந்து புதுச்சேரி, காரைக்கால் துறைகள் வழியாகக் கப்பலேறிப் போன கூலிகளில் தமிழர்கள் ஏராளம். அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே மாரியம்மனுக்குப் படையல் வைக்கிறார்கள். அந்தத் தீவுகளின் வாழைத் தோட்டங்களில் கிழங்கு வண்டை ஒழிக்க 1972 முதல் 1993 வரை குளோர்டெக்கோன் என்ற மருந்தை இட்டார்கள். அமெரிக்காவில் அதைத் தயாரித்த ஹோப்வெல் ஆலையின் தொழிலாளர்கள் 1975-ல் கைகால் நடுங்கி நோயில் விழுந்து, ஆலையே மூடப்பட்டது. அதற்குப் பிறகும் தீவுகளில் இட்டார்கள். எரிமலை மண்ணின் களியில் அது சிக்கிக்கொண்டது. இன்று அங்கே வயதுவந்தோரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ரத்தத்தில் குளோர்டெக்கோன் இருக்கிறது. வாழைப்பழத்தில் அது ஏறவில்லை. அதே மண்ணில் பின்னால் நட்ட சேம்பு, வள்ளி, சர்க்கரைவள்ளி ஆகிய கிழங்குகளில் ஏறியது. ஓடை இறாலில் ஏறியது. கொல்லைக் கோழியில் ஏறியது. ஏழை வீட்டின் சொந்த விளைச்சல்தான் அதிகம் கெட்டது.

எல்லாச் செடியும் ஒன்றுபோல உறிஞ்சுவதில்லை. தக்காளி, கத்தரி, வெண்டை போன்ற தரைக்கு மேல் காய்ப்பவற்றின் உள்ளே டயாக்சினும் டிடிடியும் வேர் வழியாக அவ்வளவாக ஏறுவதில்லை. கீரையில் ஆபத்து பெரும்பாலும் இலைமேல் ஒட்டிய புழுதி, நன்றாகக் கழுவினால் குறையும். கிழங்குகளில் தோலில் தங்கும், சீவி எடுத்தால் பெருமளவு போய்விடும். வினோதமான விலக்கு பூசணிக் குடும்பம். சுக்கினியும் சிலவகைப் பூசணியும் தங்கள் வேரிலிருந்து சுரக்கும் பொருள்களால் மண்ணிலிருந்து இந்த மாசுகளைப் பெயர்த்துத் தண்டுக்கும் காய்க்கும் ஏற்றிவிடுகின்றன. 1990களிலேயே ஜெர்மன் ஆய்வாளர்கள் இதைக் கண்டார்கள். சந்தேகமான மண்ணில் பூசணிக் கொடி படரவிடாமல் இருப்பது நல்லது.

மனிதருக்குள் போகும் டயாக்சினில் 90 விழுக்காட்டுக்கு மேல் உணவு வழியாகத்தான் போகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிலும் பெரும்பங்கு இறைச்சி, பால், முட்டை, மீன். சென்னைப் பெருங்குடி குப்பைமேடு இதற்கு நமக்கு மிக நெருக்கமான சாட்சி. பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில் நகரம் குப்பை கொட்டிய இடம். அங்கே தீ ஓயாமல் இருந்தது. குப்பைக்குள் ஊறும் மீத்தேன் எளிதில் பற்றிக்கொள்ளும். 2022 ஏப்ரலில் பிடித்த தீ நாள்கணக்கில் புகைந்தது. ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்து ஷின்சுகே தனபே குழுவினர் தமிழக அறிவியலாளர்களோடு சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே அந்த மேட்டின் மண்ணில் டயாக்சினை அளந்தார்கள். பிறகு அருகில் வாழும் தாய்மாரின் பாலை ஆராய்ந்தார்கள். பிலிப்பைன்ஸ், கம்போடியா, வியட்நாம் குப்பைமேடுகளிலும் அதே ஆய்வு நடந்தது. பெருங்குடித் தாய்மாரின் பாலில்தான் குறிப்பிடத்தக்க அளவு அதிகம். மற்ற ஊர்களிலும் குப்பை எரிகிறது, இங்கே மட்டும் ஏன்? விடை பசுமாடு. குப்பைமேட்டில் மேய்ந்த மாடுகள் மண்ணும் சாம்பலும் படிந்ததைத் தின்றன. அந்தப் பாலைக் குடும்பங்கள் குடித்தன. காப்பி, தயிர், மோர் என்று பால் இல்லாத வேளையே இல்லாத தமிழ் வீடுகளில், பசுவின் கொழுப்பிலிருந்து தாயின் கொழுப்புக்கு அது நேரே வந்து சேர்ந்தது.

இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் பாலூட்டுவதை நிறுத்திவிடக் கூடாது. தாய்ப்பாலின் நன்மை இந்த மாசின் தீங்கைவிடப் பெரிது என்பதில் உலக சுகாதார நிறுவனம் உறுதியாக இருக்கிறது. தாய்ப்பாலை அளப்பது அதன் மேல் குற்றம் சொல்வதற்காக அல்ல. ஓர் ஊரின் சாப்பாடும் மண்ணும் எந்த நிலையில் இருக்கின்றன என்று அறிவதற்காக. ஐரோப்பாவில் எரியுலைகளுக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு தாய்ப்பாலில் டயாக்சின் வெகுவாகக் குறைந்ததை இதே அளவீடுதான் காட்டியது.

வெப்பநாடுகளுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. தனபே குழுவும் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்தவர்களும் 1980களின் இறுதியில் அங்கே ஒரு நெல்வயலில் எச்சிஹெச் பூச்சிக்கொல்லியைத் தெளித்துக் கணக்குப் பார்த்தார்கள். அது பெரும்பாலும் ஆவியாகிக் காற்றோடு போய்விட்டது. நம் வெயிலில் கிளம்பியது குளிர்ந்த வடதுருவத்தில் இறங்குகிறது. வயலே இல்லாத வடகனடாவில், திமிங்கிலக் கொழுப்பும் சீல் இறைச்சியும் உண்ணும் இனூயிட் தாய்மாரின் பாலில் பிசிபி தென்கனடாத் தாய்மாரைவிடப் பல மடங்கு இருந்ததை 1980களிலேயே கண்டார்கள். பூச்சிமருந்து மண்ணைவிட்டு ஆவியாகிப் போனால் நமக்கு நல்லதுதானே என்று நினைக்க இதில் இடமில்லை. டயாக்சின் அவ்வளவு எளிதில் ஆவியாவதுமில்லை, கரித்துகளைப் பற்றிக்கொண்டு விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

உலகம் சும்மா இருக்கவில்லை. 2001-ல் உருவான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை முதலில் 12 பொருள்களைப் பட்டியலிட்டது. லிண்டேன், எண்டோசல்பான் என்று பட்டியல் நீண்டுகொண்டு போகிறது. இலங்கை 2005-லும் இந்தியா 2006-லும் ஏற்புறுதி செய்தன. மலேசியா 2002 மே மாதம் கையெழுத்திட்டது. கையெழுத்திட்டு இருபது ஆண்டுகள் கடந்த பிறகும் ஏற்புறுதி செய்யாத சில நாடுகளின் வரிசையில் அமெரிக்காவோடு மலேசியாவும் நின்றது. எண்டோசல்பானை மலேசியா 2005-லேயே தடைசெய்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். திறந்தவெளியில் எரிப்பதும் 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி குற்றம். 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் காய்கறியில் எந்தப் பூச்சிமருந்து எவ்வளவு மிஞ்சலாம் என்று வரம்பு வைத்திருக்கின்றன.

ஆனால் அந்த வரம்புகள் எல்லாம் சந்தைக்கு வரும் பொருளுக்கானவை. அம்பாங் கொல்லையில் இட்ட முட்டை சந்தைக்கு வருவதில்லை, நேரே சட்டிக்குப் போகிறது. டயாக்சினைக் கண்டுபிடிப்பதும் செலவு பிடித்த சோதனை. மண் சுத்தமா என்று பார்க்காமல் உணவைப் பாதுகாக்க முடியாது என்பதைக் குவாதலூப்பும் மார்த்தினிக்கும் மிகத் தாமதமாகக் கற்றன. கற்றபின் செய்த ஒன்று இங்கே பின்பற்றத் தகுந்தது. பண்ணைகளுக்கு மட்டுமல்லாமல் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கினார்கள். கொல்லை மண்ணை இலவசமாகச் சோதித்து, இந்த மண்ணில் கிழங்கு வேண்டாம், வாழையும் பலாவும் வைக்கலாம், கோழியை இந்தப் பக்கம் விடாதீர்கள் என்று வீடுவீடாகச் சொல்கிறார்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் சமூகத் தோட்டங்கள் பெருகிவருகின்றன. ஒரு நிலத்தில் பாத்தி கட்டுமுன் அது முன்பு சுரங்கமா, குப்பைப் பள்ளமா, பட்டறையா என்று பழையவர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்வதற்குக் காசு ஆகாது. ஐயம் இருந்தால் வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து உயர்த்திய பாத்தியில் நடலாம். மக்கிய எரு நிறைய இட்டால் இந்த மாசுகள் அதில் ஒட்டிக்கொண்டு செடிக்குப் போவது குறையும். கோழிக்கூட்டைத் தரையிலிருந்து உயர்த்தி, தீனியைத் தட்டில் வைத்து, சாம்பல் கிடந்த இடத்தை வேலிபோட்டு அடைக்கலாம். சமைப்பதால் டயாக்சின் அழியாது. இறைச்சியின் கொழுப்பையும் தோலையும் நீக்கினால் ஓரளவு குறையும்.

மிகவும் கெட்டுப்போன மண்ணை மீட்கவும் வழி உண்டு. வியட்நாமின் டானாங் விமானத்தளத்தில் அமெரிக்க உதவியோடு மண்ணைப் பெட்டகத்துக்குள் அடைத்து 335 டிகிரிக்குச் சூடாக்கி டயாக்சினைச் சிதைத்தார்கள். 2018-ல் முடிந்த அந்த வேலைக்குப் பத்து கோடி டாலருக்கு மேல் செலவானது. ஜெஞ்ஜாரோமில் ஆலைகள் நின்ற இடங்களிலும், அவற்றைச் சுற்றியுள்ள வீடுகளின் கொல்லையிலும், அம்பாங்கின் பழைய பள்ளங்களின் மேல் உள்ள தோட்டங்களிலும் முட்டையையும் மண்ணையும் எடுத்துச் சோதித்து, முடிவை அங்கே குடியிருப்பவர்களின் மொழியிலேயே சொல்ல அதில் ஒரு சிறு துளி பணம் போதும். உள்ளாட்சி மன்றங்களும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்தால் அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே தொடங்கிவிடலாம்.